பதினெட்டுக் கிளை

ஆறு வருஷமாகச் சுகெர்த்தி காத்திருந்த குப்பி இன்று தானாகவே சுகாதார நிலையத்தில் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஊர்க்கோயில் பூசாரி மங்கு லாந்த்ரா.

"உட்காருங்க, ஜெரோ மங்கு," என்றாள். பூசாரிக்குரிய 'ஜெரோ' என்ற மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. வயிறுதான் எரிந்தது.

"கதவைச் சாத்தும்மா. அந்தச் சனியன் மறுபடியும் வந்துடுச்சு. பூசையில உட்கார்ந்திருக்கேன், அது பாட்டுக்கு இறங்கித் தொடையில ஊருது."

குப்பிக்குள் வெள்ளையாக ஒரு துண்டு நெளிந்தது. நாடாப்புழு. அது தானாக இறங்கி ஊர்ந்தது என்றதுமே சுகெர்த்தி நிமிர்ந்தாள். பன்றிப் புழுவின் துண்டுகளுக்கு அவ்வளவு சுறுசுறுப்பு கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னும் இவர் வயிற்றில் புழுதான். இதே சுகாதார நிலையத்தில் அப்போதிருந்தவன் மைக்ராஸ்கோப்பில் தெரிந்த முட்டையைப் படமெடுத்து, கீழே 'பன்றிப் புழு' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பச்சை ரத்தம் பிசைந்த பன்றிக் கொத்துக்கறி லாவார் என்றால் ஊரில் சுகெர்த்தியின் அம்மா கடைதான்; மகள் பெயரை வைத்து அவளை ஊர் 'மென் சுகெர்த்தி' என்று கூப்பிடும். மங்கு அந்தப் படத்தை ஊர்மன்றத்தில் தூக்கிப் பிடித்தார். "மென் சுகெர்த்தி கடையில தின்ன லாவார்ல வந்தது இது," என்றார். படம் மன்றச் சுவரில் ஏறியது, கடை படுத்தது. அம்மா அதன்பின் கறிக்கத்தியைத் தொடவில்லை. பூசைக்கு ஓலைத்தட்டு முடைந்து விற்கிறாள். அதிலும் இந்த மனிதர் குறை சொல்லாமல் வாங்கியதில்லை.

சுகெர்த்தி பரிசோதனைக்கூடப் படிப்புக்குப் போனதே அந்த ஆத்திரத்தில்தான். முட்டையைப் பார்த்துப் பன்றியா மாடா என்று எவனாலும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் முட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதை முதல் வருஷமே படித்துவிட்டாள். புழுவின் துண்டு வேண்டும். அதைத்தான் இப்போது அவரே கொண்டுவந்திருக்கிறார்.

"அப்ப குடுத்த மாத்திரையச் சாப்பிட்டீங்களா?"

"எதுக்கு? சாராயத்துல பாக்கை இடிச்சுப் போட்டுக் குடிச்சேன். கொத்தாப் போச்சு."

"தலை வந்துச்சா?"

மங்கு விழித்தார். தலை உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் புழு மறுபடி வளரும். அப்படியென்றால் இது அதே பழைய புழு.

"அன்னைக்கு மாதிரியே பன்றின்னு எழுதிடும்மா," என்றார்.

அவள் கையுறை மாட்டி, துண்டுக்குள் மெல்லிய ஊசியால் மை ஏற்றி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து அழுத்தினாள். திரையில் படம் விழுந்தது. நடுவில் புழுவின் கருப்பைத் தண்டு, இரண்டு பக்கமும் கறுப்புக் கிளைகள்.

"ஒரு பக்கம் மட்டும் எண்ணுங்க, ஜெரோ."

அவர் விரல் வைத்து எண்ணினார். "பதினேழு. பதினெட்டு."

"பன்றிப் புழுன்னா பதிமூணத் தாண்டாது. இது மாட்டுப் புழு. எங்கம்மா கடையில மாடு ஏறினதே இல்ல."

பூசாரி மாட்டுக்கறியை நாக்கில் வைக்கக் கூடாது. அது ஊருக்கே தெரிந்த கட்டுப்பாடு. மங்குவின் முகம் சாம்பலாகிவிட்டது.

"டவுன்ல ஒரு கடை," என்றார் மெதுவாக. "வருஷத்துக்கு ரெண்டு தடவைதான். பச்சை லாவார்."

"அன்னைக்கே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

குப்பியை அவர் தலையில் கவிழ்த்தால்கூட மனசு ஆறாது என்று சுகெர்த்திக்குத் தோன்றியது. ஆனாலும் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு கொடுத்து, விழுங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க நோய் விஷயம் என்னைத் தாண்டிப் போகாது. ஆனா அந்த முட்டைப் படம் எங்க நிலையத்தோட தப்பு. நாளைக்கு மன்றத்துல எழுந்திரிச்சு அதைச் சொல்லப் போறேன். இல்ல, நீங்களே சொல்றீங்களா?"

மறுநாள் கூட்டத்தில் மங்கு தன் கையாலேயே படத்தைச் சுவரிலிருந்து பிய்த்தார். "இது மென் சுகெர்த்தி கடையில வந்தது இல்ல. நான்தான் அபாண்டமாச் சொல்லிட்டேன்."

அம்மா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "பன்றி இல்லேன்னா, வேற எந்தக் கறியில வந்துச்சு, ஜெரோ?"

மங்கு கையிலிருந்த படத்தை மடிக்கத் தொடங்கினார். மன்றமே சுகெர்த்தியின் பக்கம் திரும்பியது. நோயாளியின் ரகசியத்தை வெளியே விடக் கூடாது என்பது விதி. வாழ்நாளில் எந்த விதியையும் அவள் இவ்வளவு சந்தோஷமாகக் கடைப்பிடித்ததில்லை.

"அதை ஜெரோதான் சொல்லணும்," என்றாள். "நாங்க காத்திருக்கோம்."