எது நார்பர்ட்டின் குரல்

ஜெரால்டினுக்குப் புருஷனின் முகம் மறக்கவில்லை. சுவர் நிறையப் படங்கள் இருந்தன. கல்யாணத்தில் எடுத்த படச்சுருள்கூடப் பத்திரமாக இருந்தது, ஆனால் அது ஊமைப்படம். போனது குரல்தான். "நாங்க வீட்ல இல்ல, சேதி சொல்லுங்க" என்று நார்பர்ட் போன் பெட்டியில் பேசி வைத்திருந்ததை, அவன் செத்த வருஷமே ஒரு மின்வெட்டு வந்து துடைத்துவிட்டது. கொஞ்ச காலம் ஞாபகத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் குளிர்காலத்தில் அவன் பேசுவதாக நினைத்துப் பார்த்தால், அவள் குரலிலேயே அவன் பேசினான். அன்றைக்குத்தான் அவள் பயந்துபோனாள்.

நார்பர்ட்டின் தங்கை லொரெய்ன்தான் ஒன்றை நினைவுபடுத்தினாள். அவன் எஃகு ஆலையில் இருந்தபோது, பல்கலைக்கழகத்து ஆட்கள் தொழிற்சங்கக் கூடத்துக்கு வந்து எல்லாத் தொழிலாளிகளையும் ஒரே கதையை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனார்கள். டெட்ராய்ட்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சியாம்.

"நாம எப்படிப் பேசுறோம்? டிவில நியூஸ் படிக்கிறவன் மாதிரிதான் பேசுறோம். இதுல ஆராய என்ன கெடக்கு?" என்று நார்பர்ட் வீட்டுக்கு வந்து சிரித்தான்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். காதுக்கும் அதே கதிதான். அந்த ஊரில் பூனையைச் சொல்லும் 'கேட்' என்ற சொல், மூக்கில் ஏறி 'கியெட்' என்று நீண்டு வெகுகாலமாகிவிட்டது. ஊரில் ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கனடா. அக்கரைக்காரன் வாயைத் திறந்தால் மட்டும் எல்லாருக்கும் காது கூர்மையாகிவிடும். கோணல் எப்போதும் அக்கரையில்தானே இருக்கும்!

ஜெரால்டின் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டபோது லாரல் என்ற ஆராய்ச்சி மாணவி போனை எடுத்தாள். பெயரைச் சொல்லிக் கேட்டால் நாடாவை எடுத்துத் தர விதியில்லை என்றாள். ஆனால் குரல்களைக் கேட்டுச் சொல்லும் சோதனை ஒன்று நடக்கிறது, அதற்கு உள்ளூர்க்காரர்கள் தேவை, பழைய பதிவுகளைத்தான் போடுகிறோம், வாருங்கள் என்றாள்.

"நாப்பது வருஷம் ஒரே படுக்கை. அந்த மனுஷன் ஒரு தடவ செருமினாப் போதும், நான் சொல்லிடுவேன்" என்றாள் ஜெரால்டின்.

"உங்களுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன் அண்ணி. நான் பொறந்த நாள்லேருந்து என்னத் திட்டின வாயாச்சே அது" என்றாள் லொரெய்ன்.

பனியை ஒதுக்கிப் போட்டிருந்த சாலையில் லொரெய்ன் காரை ஓட்டினாள். ஜெரால்டின் சர்ச்சுக்குப் போகும் கோட்டைப் போட்டு, உதட்டுச்சாயமும் பூசியிருந்தாள். குரலைக் கேட்கப் போகிறவளுக்கு எதற்கு உதட்டுச்சாயம் என்று லொரெய்ன் கேட்கவில்லை, அந்த மட்டும் அவளுக்கு இங்கிதம் இருந்தது.

சோதனை எளிதுதான். ஹெட்போனில் ஒரு குரல் வாசிக்கும். அதிலுள்ள ஒரு சொல்லின் உயிரொலியை மட்டும் எடுத்து, பல விதமாக வளைத்துத் தனியாகப் போட்டுக் காட்டுவார்கள். பேசியவர் சொன்னது எது என்று தாளில் குறிக்க வேண்டும். பேசுகிறவர் எந்த ஊர் என்பது ஒவ்வொரு தாளின் தலையிலும் அச்சிட்டிருந்தது. டெட்ராய்ட் என்று கண்டபோதெல்லாம் ஜெரால்டின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கனடா என்றிருந்தால் ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"சே, வாய்க்குள்ள கொதிக்கிற கஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுறான் பாருங்க" என்று ஒரு கனடாக் குரலைக் கேட்டு லொரெய்ன் முணுமுணுத்தாள்.

குரல்கள் முடிந்தன. ஜெரால்டின் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "அவர் இல்லம்மா. எங்கியும் இல்ல."

லாரல் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. "இருந்தார் மேடம். அவர் பதிவு எதுன்னு காலையிலயே தேடிப் பாத்துட்டேன். கனடான்னு போட்டிருந்ததுல ஒண்ணு அவர்தான்."

"எங்கண்ணன் கனடாவா!"

"தாள்ல இருக்கிற ஊரெல்லாம் நாங்க வேணும்னே மாத்திப் போட்டது. எந்த ஊர்னு எழுதுறோமோ, அந்த ஊர்ப் பேச்சுதான் ஜனங்களுக்குக் கேக்குது. அதப் பாக்கத்தான் இந்தச் சோதனையே."

"எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்றாள் லொரெய்ன், தன் தாளை மெல்லக் கவிழ்த்து வைத்தபடி.

இருவரையும் ஹெட்போனை மறுபடி மாட்டச் சொல்லி, லாரல் ஒரு நாடாவைப் போட்டாள். "இதுதான் உங்க வீட்டுக்காரர்."

ஒரு குடும்பம் ஏரிக்கு மீன்பிடிக்கப் போன கதையை ஓர் ஆள் வாசித்தான். வரி முடியும்போது அந்தச் சோம்பல். பெரிய சொல் வந்தால் முன்னதாக எச்சிலை விழுங்கும் அந்தத் தயக்கம். ஜெரால்டின் வாயைப் பொத்திக்கொண்டாள். "நார்ப்! ஐயோ, நார்ப்!" லொரெய்ன் "அண்ணே" என்று மேஜையிலேயே சாய்ந்து அழுதாள். புதைத்த நாளுக்குப் பிறகு ஜெரால்டின் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதையா போய்க் கேட்காமல் விட்டேன் என்று தன் காதைத் தானே திட்டிக்கொண்டாள்.

நாடாவை வெளியே எடுத்த லாரல், அதன் முதுகில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க மேடம். நாடாவ மாத்திப் போட்டுட்டேன். இவர் அக்கரை ஆளு, விண்ட்சர்காரர். நெஜமாவே கனடாதான்."

லாரல் சரியான நாடாவைத் தேடி, சரிபார்த்து, மறுபடியும் சரிபார்த்துப் போட்டாள். அதே ஏரி, அதே மீன். யாரோ ஒருவன் வேலைக்கு நேரமாகிவிட்ட மாதிரி விறுவிறுவென்று படித்துக்கொண்டு போனான். ஜெரால்டின் காத்திருந்தாள். அழுகை வரவில்லை. பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ பேசிக்கொண்டு வருவதைப் போல அது பாட்டுக்கு வந்து போயிற்று.

"இதுதான்... இல்லீங்களா அண்ணி?" என்றாள் லொரெய்ன்.

உலகத்தில் நார்பர்ட்டின் குரல் மிச்சமிருந்தது இந்த ஒரு நாடாவில்தான். அதைத் தேடி வந்து கேட்டும் ஆயிற்று. இனி எங்கே போய்த் தேட?

"அந்த மொத ஆளத் திரும்பப் போடு கண்ணு" என்றாள் ஜெரால்டின்.

"மேடம், அது உங்க வீட்டுக்காரர் இல்ல."

"தெரியும். போடு."

லாரல் போட்டாள். ஜெரால்டின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இந்த முறை கேட்டது கனடாக்காரன் ஒருவனின் குரல் மட்டும்தான்.