வேதாசலத்துக்கு வைத்த பேனர்

நான் இறந்துபோன செய்தி எனக்குக் காலை ஆறரை மணிக்குத்தான் தெரிந்தது. அதற்குள் உத்திரமேரூரில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. பால்காரர் சின்னப்பையன் எங்கள் வாசல் பந்தலுக்குக் கீழே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பால் வாங்க நானே வெளியே வந்ததும் கேனைப் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். பந்தல் போட்டது உண்மைதான். ஆனால் அது என் அறுபதாம் கல்யாணத்துக்கு.

எல்லாம் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெத்ரோவின் வேலை. பிரேசில்காரன். செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் இருக்கிறான். தெருவுக்கு அவன் பீட்டர். கம்பெனிப் பெண்களிடம் தமிழ் கற்றதால் என்னைப் பார்த்தால், "நைனா, நாஷ்டா துன்ட்டியா?" என்று பணிவாகக் கேட்பான். வழியில் யாராவது எங்கே கிளம்பிட்டே என்று சும்மா கேட்டால்கூட நின்று, போகும் இடம், பஸ் நம்பர், திரும்பும் நேரம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் நகர்வான். இதனாலேயே வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸை விடுவான்.

அவனுக்கு இந்த ஊரில் தீராத ஆச்சரியம் பேனர்கள். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் இத்தனை பேரும் மந்திரிகளா என்று ஒருநாள் கேட்டான். இல்லையப்பா, ஒன்று காதுகுத்து, ஒன்று பிறந்தநாள், வேண்டியவர்களுக்கு மரியாதையாக வைப்பது என்றேன். அதோடு நிறுத்தியது என் தப்பு.

எனக்கோ வேறு கவலை. சாலவாக்கத்தில் இருக்கும் என் தங்கை வசந்தகுமாரி என்னோடு பேசி ஐந்து வருஷம் ஆகிறது. என் மகள் கல்யாணப் பத்திரிகையில் அவள் புருஷன் சின்னராசுவின் பெயர் விட்டுப்போனது. புரூஃப் பார்த்தவன் நான். "ஒன் சாவுக்குக்கூட ஒன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள் போனவள்தான். தாலியில் முதல் முடிச்சை நான் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். எனக்கு இருப்பதோ ஒரே தங்கை. தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கூப்பிடுங்கள் என்று என் மனைவி ஆண்டாளம்மாள் ஒரு மாதமாகச் சொன்னாள். முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான், எவனிடமும் இறங்கிப் போனதில்லை. வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அவள் வராத மணையில் உட்கார எனக்குப் பிடிக்கவே இல்லை. அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பால்காரர் கைகாட்டிய பக்கம், லுங்கியும் தோளில் துண்டுமாகத் தெருமுனைக்கு ஓடினேன். பத்தடி உயரத்தில் நான். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், இரண்டு பக்கமும் வெள்ளைப் புறா, கீழே குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி', அதன் கீழே 'வேதாசலம்' என்று என் பெயர். தோற்றம் என்று என் பிறந்த தேதி. மறைவு என்று இன்றைய தேதி. படம் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

பக்கத்தில் பெத்ரோ நின்றுகொண்டிருந்தான். "நைனா, நல்லா கீதா?"

ஊரிலுள்ள பேனர்களை எல்லாம் பார்த்தானாம். மற்றதில் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு முறைக்கிறார்கள். இந்த மாதிரியில் மட்டும்தான் முகம் நிம்மதியாக இருக்கிறதாம். அதைப் படம் எடுத்துச் செய்யாறு கடையில் காட்டி, என் பிறந்த தேதியையும் விசேஷத் தேதியையும் கொடுத்திருக்கிறான். பேனரின் ஓரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, இன்னும் வராத தேதியைப் பார்த்துமா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று சத்தம் போட்டேன்.

"டாக்டருங்க கெடு குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார் கடைக்காரர். "ஃபாரின்காரரு, எல்லாத்தையும் முன்னாடியே பிளான் பண்றாருன்னு."

பெத்ரோவுக்கு விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து வசந்தகுமாரி இறங்கினாள். யாரோ பேனரைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டு, "ண்ணா, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்று ஓடி வந்தவள், பேனருக்குக் கீழே நான் நிற்பதைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. தன் மார்பில் விழ வேண்டிய இரண்டு அடி என் மார்பில் விழுந்தது.

"நீ சாவல?"

"இல்லம்மா."

"அப்ப இன்னாத்துக்கு என்ன இப்பிடி ஓடியார வச்ச?" என்று கேட்டுவிட்டு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நீ வராம பூடுவியோன்னு பயந்துகினு இருந்தேம்மா. பேர வுட்டது என் தப்புதான்" என்றேன். ஐந்து வருஷமாக வாயில் வராத வார்த்தை, செத்த பிறகு சுலபமாக வந்தது.

சின்னராசு எங்களைக் கவனிக்கவே இல்லை. பைக்கை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனரின் அடிப்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே 'கண்ணீருடன்' என்பதற்குக் கீழே, முதல் பெயராக, கொட்டை எழுத்தில், 'சின்னராசு – வசந்தகுமாரி குடும்பத்தினர்' என்று இருந்தது. விசேஷத்துக்கு யார் முக்கியம் என்று பெத்ரோ ஆண்டாளைக் கேட்டிருக்கிறான். நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் என்று இவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வசந்தகுமாரி கூந்தலை முடிந்துகொண்டாள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் நடந்தாள். பேனரைக் கழற்றச் சொன்னேன். பெத்ரோ கம்பத்தில் ஏறப் போனான்.

"இரு தம்பி" என்று சின்னராசு தன் செல்போனை அவன் கையில் கொடுத்தார். "பேரு தெரியிற மாரி ஒண்ணு எடு."

'கண்ணீருடன்' என்ற எழுத்துக்குக் கீழே தன் பெயரைத் தொட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.