மாறாத எண்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த ரூபினா, மடிக்கணினியில் வந்திருந்த அஞ்சலைப் படித்ததும் உட்காராமல் நின்றுவிட்டாள்.

பிரேசிலிலிருந்து யாரோ எழுதியிருந்தார். ஆர்க்கிட் செடிகளுக்காக ஒரு கண்ணாடி அறை வைத்திருக்கிறாராம். 'உங்கள் டிரைவரின் புதிய பதிப்புக்கு மாறியதிலிருந்து என் வெப்பமானி அவ்வப்போது ஒரே எண்ணில் நின்றுவிடுகிறது. சென்சாரின் கம்பியைப் பிடுங்கினாலும் அந்த எண்தான் வருகிறது. நான் ஏதாவது தவறு செய்கிறேனா?'

வெப்பத்தை அளக்கும் ஒரு மலிவான யுஎஸ்பி சென்சாருக்கு லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவர், அதாவது அதை இயக்கும் நிரல், இல்லை என்று, கல்லூரியில் படிக்கும்போது அவளே ஒன்றை எழுதினாள். இயங்குதளத்தின் அடியாழத்தில் இருந்துகொண்டு கருவிகளோடு நேரடியாகப் பேசும் பகுதிதான் கெர்னல். அதற்குள் போய்ச் சேரும் சின்ன நிரல்துண்டு அவளுடையது. கெர்னலைப் பராமரிப்பவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தச் சென்சாருக்கு உலகத்தில் எங்கே கோளாறு என்றாலும் அவள் பெயருக்குத்தான் அஞ்சல் வரும். காஜிமார் தெருவிலிருந்த அவள் வீட்டில் இந்த வேலைக்குப் பெயர், 'ரூபினா ஃப்ரீயா எழுதிக் குடுக்குறது'.

சமீபத்தில் அவள் அந்த நிரலைச் சுத்தப்படுத்தியிருந்தாள். நீளமாக, அசிங்கமாக இருந்த ஒரு பகுதியைச் சுருக்கினாள். இப்போது அதே இடத்தைத் திறந்து பார்த்தாள். சென்சார் பதில் சொல்லாவிட்டால் 'பிழை' என்று சொல்ல வேண்டிய வரி சுருக்கியதில் காணாமல் போயிருந்தது. சென்சார் செத்துப்போனாலும் கடைசியாகப் படித்த எண்ணையே புதியது போலத் தந்துகொண்டிருக்கும்.

மேசையில் கிடந்த தன் சென்சாரைச் செருகினாள். 31.2 என்றது. கணினியிலிருந்து எடுக்காமல், அளக்கும் முனைக்குப் போகும் கம்பியை மட்டும் பிடுங்கினாள். அப்போதும் 31.2 என்றது.

"முபீன்!"

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அவள் தம்பி, பனியனோடு எட்டிப் பார்த்தான்.

"சமயநல்லூர்ல பாண்டீஸ்வரி அக்காவோட இன்குபேட்டருக்கு நம்ம சென்சார்தான போட்ட?"

"ஆமா. நீ எழுதுனதுதான் ஓடுது. ஏன்?"

"கடைசியா எப்ப அப்டேட் பண்ண?"

"போன வாரம் போனேன்ல, அப்ப எல்லாத்தையும் புதுசாக்கிட்டுத்தான் வந்தேன்."

"தனியா கட்-ஆஃப் ஒன்னு இருக்கணுமே, சூடு ஏறுனா கரண்ட நிறுத்துறதுக்கு?"

முபீன் தலையைச் சொறிந்தான். "இருந்துச்சு. சும்மா சும்மா நிறுத்துதுன்னு அந்தக்கா கழட்டச் சொல்லுச்சு. கழட்டிட்டேன்."

பாண்டீஸ்வரி நாட்டுக்கோழி முட்டைகளை அடை வைத்துக் குஞ்சு பொரித்து விற்பவர். இன்குபேட்டர் என்பது ஹீட்டர் வைத்த ஒரே ஒரு பெரிய பெட்டிதான். அதில் ஊரிலுள்ள எத்தனையோ வீட்டு முட்டைகள் இருந்தன. ரூபினா அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள்.

"இன்னைக்கு அவங்க அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து," என்றான் முபீன். "கீழக்குயில்குடி கோயில்ல. ரேடியோ செட்டுச் சத்தத்துல போனு எங்க கேக்கும்?"

"அப்ப அந்தப் பெட்டிய யாரு பாக்குறா?"

"யாரும் இல்ல. அதுதான் ஆட்டோமேட்டிக்காச்சே."

மடிக்கணினியைப் பைக்குள் திணித்து முபீனின் தோளில் மாட்டிவிட்டாள் ரூபினா. வண்டியில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வீட்டுச் செருப்போடு வந்திருப்பது தெரிந்தது.

அரப்பாளையம் தாண்டியும், எண் எங்கே நின்றிருக்கும் என்பதிலேயே அவள் மனம் சுற்றியது. முட்டைக்கு வேண்டியது முப்பத்தேழரை டிகிரி. எண் அதற்கு மேலே நின்றிருந்தால் ஹீட்டர் அணைந்தே கிடக்கும், முட்டை மெல்லக் குளிரும். கீழே நின்றிருந்தால் ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். ஒருவேளை நிற்கவே இல்லையோ, எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்குமோ? சென்சார் எப்போது பதில் சொல்லத் தவறும் என்று யாருக்கும் தெரியாது. விளாங்குடியில் ஒரு லாரி குறுக்கே நின்று மொத்தப் போக்குவரத்தும் தேங்கியது. ரூபினா அழைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"ஒன்னும் ஆயிருக்காதுக்கா," என்றான் முபீன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

பரவை தாண்டியதும் அவன் வண்டியை முறுக்கினான்.

பாண்டீஸ்வரியின் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பக்கவாட்டுச் சன்னலின் கம்பிவலையில் முகத்தை ஒட்டி ரூபினா உள்ளே பார்த்தாள். இருட்டில் சின்னத் திரை ஒன்று மினுங்கியது. 37.3. அதற்குக் கீழே ஹீட்டர் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பார்த்துக்கொண்டே நின்றாள். உயிருள்ள சென்சார் ஒரு எண்ணில் அசையாமல் இருக்காது. ஒரு புள்ளி ஏறும், ஒரு புள்ளி இறங்கும். இது இரண்டும் செய்யவில்லை. சிவப்பு விளக்கும் அணையவே இல்லை.

"நின்னுருச்சு," என்றாள். "கீழ நின்னுருக்கு முபீன். வெந்துக்கிட்டு இருக்கு."

வெளிச்சுவரில் மின்பெட்டி இருந்தது. முபீன் பீஸ் கட்டையில் கை வைத்துவிட்டுத் திரும்பினான். "அந்தக்காவக் கேக்காம எப்படிக்கா? நீ நினைக்கிறது தப்பா இருந்து, கரண்டு இல்லாம அம்புட்டும் குளுந்து போச்சுன்னா?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை, நிரலைச் சுருக்கியபோது, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தாயிற்று. மறுபடி சன்னலைப் பார்த்தாள். 37.3.

"புடுங்கு."

சிவப்பு விளக்கு அணைந்தது.

"யாருடா அது கரண்டுல கை வக்கிறது?" பக்கத்துத் தோட்டத்திலிருந்து கையை ஓங்கிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார் சோணை, பாண்டீஸ்வரியின் கொழுந்தன். முபீனை அடையாளம் கண்டபிறகுதான் கையை இறக்கினார். விவரத்தைக் கேட்டதும் யோசிக்காமல் கடப்பாரையை எடுத்துவந்து பூட்டை நெம்பினார்.

பெட்டியின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே தொங்கிய பழைய பாதரச வெப்பமானி நாற்பதைத் தாண்டிக் காட்டியது. மூவருமாகக் கதவுகளை அகலத் திறந்து, தட்டுகளை இழுத்து வைத்து, அட்டையால் விசிறினார்கள். ரூபினா ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். ஓடு சுட்டது. அதற்குள் என்ன இருக்கிறது, உயிரா வெறும் கூழா என்று நினைக்கவே பயந்து, திரும்ப வைத்தாள்.

சோணை யாரையோ பிடித்துச் செய்தி சொல்லியனுப்ப, பாண்டீஸ்வரி பட்டுச்சேலையோடு ஒரு பைக்கில் வந்து இறங்கினார். போன் விளக்கில் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிப் பார்த்தார். சிலவற்றுக்குள் நிழல் அசைந்தது. பலவற்றில் அசையவில்லை.

"என்ன தம்பி ஆச்சு?"

முபீன் வாயைத் திறக்குமுன் ரூபினா சொன்னாள். "அவன் மேல தப்பில்லக்கா. அந்தச் சென்சார ஓட்டுற புரோகிராம் நான் எழுதுனது. சமீபத்துல அத மாத்துனேன். மாத்துனதுல தப்பு பண்ணிட்டேன்."

"நல்லாத்தான ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்கு மாத்துன?"

அழகாக இருக்க வேண்டும் என்று. வேறு காரணமே இல்லை. அதை அப்படியே சொன்னாள். பாண்டீஸ்வரி கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தார்.

"அழகுக்கா? ஊர்ப்பட்ட சனம் என்னைய நம்பி முட்டை குடுத்திருக்கு. நான் என்னன்னு சொல்ல?"

அழக்கூடாது என்று மட்டும் ரூபினா நினைத்தாள். அழுதால் அவர்தான் தன்னைத் தேற்ற வேண்டிவரும்.

பெட்டியின் சூடு தணிந்ததும் முபீன் டிரைவரின் பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றி மின்சாரத்தைக் கொடுத்தான். ரூபினா வாசலில் கவிழ்த்திருந்த கூடை மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். முபீனின் போனிலிருந்து இணையத்தை எடுத்து, பராமரிப்பாளர்களின் பொதுக் குழுவுக்கு எழுதினாள்: என் திருத்தம் ஆபத்தானது, உடனே திரும்பப் பெறுங்கள், இதனால் ஒரு இன்குபேட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. இத்தனை பேர் படிக்கும் இடத்தில் இப்படி எழுத விரல் கூசியது. ஆனாலும் ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. பழைய வரிகளைத் திரும்ப வைக்கும் திருத்தத்தையும் இணைத்து அனுப்பினாள்.

"யாருக்கு எழுதுற?" பாண்டீஸ்வரி பின்னால் நின்றிருந்தார்.

"யாருன்னு தெரியாதுக்கா. இதே சென்சார வச்சிருக்கவங்க எங்கெங்கயோ இருப்பாங்க. என்னத்துக்கெல்லாம் வச்சிருக்காங்கன்னே தெரியல."

பாண்டீஸ்வரி உள்ளே போனார். சற்றுப் பொறுத்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் அருகில் வைத்தார்.

மறுநாள் காலையிலேயே ஜெர்மனியிலிருந்து ஒரு மூத்த பராமரிப்பாளர் பதில் எழுதினார். அவள் செய்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது, பழைய வரிகள் அடுத்த வெளியீட்டில் எல்லோருக்கும் போய்ச் சேரும். திட்டவில்லை. 'அதை மறு ஆய்வு செய்தவன் நான், நானும் கவனிக்கவில்லை' என்று ஒரு வரி மட்டும் இருந்தது. ஆர்க்கிட்காரரும் நன்றி சொல்லியிருந்தார். முட்டை பொரியும் நாள்வரை போன் அடித்தாலே ரூபினா பதறி எடுத்தாள்.

பாதிக்குக் கொஞ்சம் மேல் பொரித்தன. சில குஞ்சுகளுக்குக் கால் வளைந்திருந்தது. சொன்னது பாண்டீஸ்வரியேதான், போனில். குரலில் கோபம் குறைந்திருந்தது, போகவில்லை.

"முட்டை குடுத்தவுககிட்ட கூமுட்டைன்னு பொய் சொல்லல. நடந்ததச் சொன்னேன். நாலஞ்சு பேரு இனி தரமாட்டேன்னுட்டாக," என்றார். "புதுசா அடை வைக்கப்போறேன். நீ வந்து நிக்கணும். அந்தக் கட்-ஆஃபயும் தம்பிய மாட்டச் சொல்லு."

ரூபினா போனாள். முபீன் புதிய கட்-ஆஃபை மாட்டினான். பெட்டி காலியாகவே சூடேறியது. திரையில் எண் மெல்ல ஏறி, முப்பத்தேழரையைச் சுற்றி ஊசலாடியது. ரூபினா சென்சாரின் கம்பியைப் பிடுங்கினாள்.

எண் மறைந்தது. 'பிழை' என்று வந்தது. பெட்டி வீலென்று கத்தியது, ஹீட்டர் அணைந்தது.

பாண்டீஸ்வரி முட்டைத் தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்.

"மாட்டிட்டு இன்னொருக்காப் புடுங்கு," என்றார்.