கணக்குப் போடும் சிப்

தங்கச் சுரங்கம் மூடியபின் ஏலத்தில் வந்த பழைய கம்ப்யூட்டர், சுரங்கத்து ஊரான கோரமண்டலில் தாராவின் வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் சுரங்க வரைபடம் இருந்தது. கணக்குப் போடுவதற்கென்றே தனிச் சிப் ஒன்றைச் செருகினால்தான் வரைந்து காட்டுமாம். செத்துப்போன அப்பா வேலை பார்த்த இடத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

பெங்களூர்க் கடைகளில், "சிப்போட காலெல்லாம் தங்கப் பூச்சு மேடம்" என்று மோதிர விலை சொன்னார்கள். தாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் வந்து தங்கம் பேசுகிறார்கள்!

கடைசியில் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், உடைந்த போர்டு ஒன்றில் அதே சிப் கிடைத்தது. காலெல்லாம் தங்கம் என்று அவளே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கடைக்கார ஆதிமூலம் சிரித்தார்.

"ஷிப்ட் ஷிப்டா தங்கத்த மேல அனுப்புன ஊரும்மா இது. இந்தப் பூச்சுக்கு இன்னா வெல சொல்றது? டீக்காசு குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க."

சிப்பைச் செருகியதும் கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று, தூக்கத்தில் இறங்குவதுபோல் மெல்ல இறங்கியது. அது ஷாஃப்ட், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் செங்குத்துக் குழி. அதிலிருந்து ஆழத்துக்கு ஒன்றாக, லெவல் லெவலாகச் சுரங்கப்பாதைக் கிளைகள் நீண்டன, தலைகீழாகத் துளிர்க்கும் மரம்போல. தான் வேலை பார்த்ததாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்த லெவல், ரயில்வே ஸ்டேஷனுக்கு அடியில் நகர்ந்து, அவள் தெருவுக்கு வந்து, இந்த வீட்டுக்கு நேர்கீழே போய் நின்றது.

அப்பாவின் மேல் கால் பட்டுவிட்டதுபோல், தாரா இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள்.