சீர்த்தட்டில் வந்த அலாய் வீல்

காரை விற்றதில்கூட சுருளிராஜனுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அதைச் சகலை திலீபன் வாங்கிவிட்டான் என்று தெரிந்த அன்றுதான் வயிறு எரிந்தது.

திராட்சைத் தோட்டம் இரண்டு வருஷம் காலை வாரியதில் மதுரைத் தரகரிடம் தள்ளிவிட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. கம்பம் கடைவீதியில் அது நுழைந்தால் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். மூன்றே மாதத்தில் அதே காரை, அல்லிநகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த திலீபன் ஓட்டிவந்து இவன் வாசலிலேயே நிறுத்தினான்.

"ஒங்க காருன்னு தெரிஞ்சுதாண்ணே ஆசையா வாங்குனேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒரே ஒரு ஆறுதல். கோயம்புத்தூருக்குப் போய் வாங்கிவந்து பூட்டிய நான்கு அலாய் வீல்களையும் கழற்றிக்கொண்டு, கம்பெனியின் இரும்புச் சக்கரங்களை மாட்டித்தான் காரை விற்றிருந்தான். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளை ரப்பர் செருப்போடு வந்த மாதிரி இருந்தது அது இப்போது.

"அந்த வீலு இருக்காண்ணே?" என்றான் திலீபன்.

"அது அப்பவே போயிருச்சே" என்றான் சுருளிராஜன், கூசாமல். வீல்கள் கட்டிலுக்கடியில் சாக்கில் இருந்தன.

"காரில்லாத வீட்டுல சக்கரம் எதுக்கு? தங்கச்சி வீட்டுக்கே குடுத்துருங்க" என்றாள் மனைவி யுவராணி.

"அவனுக்கா? ஒடச்சு எடைக்குப் போட்டாலும் போடுவேன்."

தெரிந்த டயர் கடையில் சொல்லிவைத்தான். ஒரு வாரத்தில் கூடலூர் ஜீப்காரர் தவசி வந்தார். சுருளிராஜன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேட்டான்.

"குமுளிக்கு. அங்கன ஏலக்காய் யாவாரி ஒருத்தரு கேட்டாரு."

மலையேறிப் போகிறது, அது போதும். ஆள் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் நான்கையும் துடைத்துப் பளபளவென்று ஏற்றிவிட்டான். அவன் ஓட்டிய காலத்தில் கொண்டை ஊசி வளைவில் கல் உரசி ஒன்றின் விளிம்பில் விழுந்த கீறல் மட்டும் போகவில்லை.

அடுத்த மாதம் திலீபன் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அம்மாவாசி, அதாவது யுவராணியின் தம்பி, தடபுடலாகச் சீர் கொண்டுவந்தான். அந்தக் குடும்பத்தில் சீரின் முதல் தட்டை மூத்த மருமகன்தான் சுமக்கவேண்டும். பட்டுத்துணி மூடிய தாம்பாளத்தை அம்மாவாசி நீட்டினான்.

"பாத்துப் புடிங்க மச்சான், கனம்."

மேளம் முன்னால் போக, சுருளிராஜன் தெரு முழுக்கச் சுமந்தான். மண்டப வாசலில் தட்டை மாற்றிப் பிடித்தபோது துணிக்குள் விரல் எதிலோ உரசியது. கீறல். அம்மாவாசி குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்து ஆறு வருஷமாகிறது என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

முதல் நான்கு தட்டிலும் துணியை எடுத்ததும், தட்டுக்கொரு வீல். கூட்டம் வாயைப் பிளந்தது.

"ஒங்க கார்ல கெடந்த மாதிரியே தேடிப் புடிச்சேன் மச்சான்" என்றான் அம்மாவாசி பெருமையாக. "பழசுன்னு சொல்ல முடியுமா? எவனோ பிள்ளையப் போல வச்சிருந்திருக்கான்."

யுவராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பந்தி முடிவதற்குள் எதிர்த்த டயர் கடையில் வீல்களை மாட்டிக்கொண்டு திலீபன் வந்துவிட்டான். மண்டபத்தை ஒரு சுற்று சுற்றினான். சாயங்கால வெயிலில் நான்கு சக்கரமும் வெள்ளியாகச் சுழன்றன.

வாழ்நாளில் சுருளிராஜன் அந்தக் காரை இப்படி நின்று பார்த்ததே இல்லை. எப்போதும் உள்ளே உட்கார்ந்து ஓட்டியவன். தன் கார் இத்தனை அழகு என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.