ஆறு கத்திகளும் ஒரு காதும்

தண்ணீர்த் தொட்டிக்குள் முதல் சவரக்கத்தி ‘டிங்’ என்றது. காதுக்காரர் என்று பேர் வாங்கிய கொல்லர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அதே உருக்குப் பட்டையில் அடித்த மீதி ஐந்தையும் பழுக்கக் காய்ச்சி அதே தண்ணீரில் இறக்கினார். ஆறு பாராட்டு. துடைத்துப் பார்த்தால், ஆறிலும் கூர்வாயிலிருந்து முதுகுவரை மயிரிழையாக விரிசல்.

காதுக்காரர் ஆறையும் மறுபடி துடைத்துப் பார்த்தார்.

பட்டறையில் இரண்டு வகை உருக்குப் பட்டைகள் உண்டு. ஒன்று தண்ணீரில் முக்கினால் இறுகும். மற்றதற்கு எண்ணெய்தான், தண்ணீரில் போட்டால் பிளந்துகொள்ளும். அடையாளத்துக்கு நுனியில் சாயம் பூசித்தான் வரும். இவர் முதல் வேலையாக அதைத் தேய்த்து எடுத்துவிடுவார். “தட்டினா அதுவே சொல்லிடும், பொட்டு எதுக்கு?” சுத்தியலால் தட்டுவார், கண்ணை மூடுவார், “தண்ணி” என்பார். எடுத்த பட்டையைப் பட்டடைக் கல்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். இரண்டு வருஷத்தில் ஒரு கத்தி வெடித்ததில்லை. பட்டப்பெயர் சும்மாவா வந்தது?

கத்தி வாங்க வந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், விரிசல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மாப்ளே, நாளன்னிக்கு சலூன் திறக்கிறேன். ஆறு நாற்காலி போட்டாச்சு. உன் காதை வச்சா வழிக்கிறது?”

காதுக்காரர் அவசரமாக மற்றப் பட்டைகளைத் தட்டினார். எல்லாம் ஒரே சத்தம். மறுபடி தட்டினார்.

“மச்சான், ஒண்ணுமே தெரியல.”

“சளி புடிச்சிருக்கும்,” மச்சான் கூரையைப் பார்த்தார். “தங்கச்சி வந்துடட்டுமே.”

“அவ வந்து என்ன பண்ணுவா?”



இரண்டு நாள் அக்கா வீட்டில் இருந்துவிட்டு மனைவி பையும் தோளுமாக உள்ளே வந்தாள். வெடித்த கத்திகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு பட்டையைச் சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினாள். தீப்பொறி பூப்பூவாக வெடித்துச் சிதறியது. “இது தண்ணி.” அடுத்ததில் பொறி கட்டையாக, மங்கலாக விழுந்தது. “இது எண்ணெய்.”

தான் சாப்பிடப் போகும்போதெல்லாம் பட்டறையைப் பெருக்குகிறேன் என்று இவள் பின்தங்குவது காதுக்காரருக்கு நினைவுக்கு வந்தது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு வருஷமா நீதான் மாத்தி வச்சியா?”

“உலையை மூட்டுங்க. அண்ணனுக்கு நேரமாகுது.”

“மச்சான், உங்களுக்கும் தெரியுமா?”

மச்சானுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“ஏம்மா சொல்லல?”

“நீங்க கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறது நல்லா இருந்துச்சு.”

“மழுப்பாதே. நான் எடுத்ததுல ஒண்ணாவது சரியா இருந்துச்சா?”

அவள் பையை இறக்கி வைத்தாள்.

“பாதி சரிங்க. கண்ணை மூடிக்கிட்டு எங்கண்ணன் எடுத்தாலும் பாதி சரியாத்தான் இருக்கும்.”