கணுக்காலில் கட்டிய நூல்

மௌனப் படங்களில் அழுது ஊரையே அழவைத்தவர் என்று அவருக்குப் பத்திரிகைகள் 'நவரசம்' பட்டம் கொடுத்திருந்தன. அந்த ஒன்பது ரசமும் இயக்குநரின் தொண்டையில் இருந்தன என்பது அவர் மனைவிக்குத் தெரியும். கேமரா ஓடும்போது இயக்குநர் கத்துவார்: அழு, திரும்பு, நெஞ்சைப் பிடி. இவர் அழுவார், திரும்புவார், நெஞ்சைப் பிடிப்பார். படத்தில்தான் சத்தம் கிடையாதே. பதினோரு வருஷம் பிழைப்பு இப்படியே ஓடியது.

பேசும் படம் வந்ததும் இயக்குநரின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. மைக் திறந்திருக்கும்போது தும்மக்கூடக் கூடாது. ஒத்திகையில் நவரசம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். வசனமெல்லாம் நெட்டுருதான்; எப்போது தொடங்குவது என்பதுதான் பிடிபடவில்லை. ஸ்டுடியோ முதலாளி, புதன்கிழமை ஒரு காட்சி எடுத்துப் பார்ப்போம், தேறினால் மூன்று படம், இல்லாவிட்டால் நாடகக்காரன் இருக்கிறான் என்றார். சொன்னதோடு நிற்காமல் நவரசத்தின் கோட்டுக்கு எடுத்த அதே துணியில் நாடகக்காரனுக்கும் ஒன்று தைக்கச் சொல்லிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது மனைவி. அவர் கணுக்காலில் கறுப்பு நூல். மறுமுனை, காட்சியில் தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால், அவள் கையில். ஒரு இழுப்புக்குப் பேச்சு, இரண்டாவதற்கு அழுகை, மூன்றாவதற்குக் காட்சியில் செத்துக்கிடக்கும் அப்பாவின் பிணத்தின்மேல் விழ வேண்டும். வீட்டில் நான்கு நாள் பழகினார்கள். சாப்பாட்டு மேஜை பிணமாக நடித்தது. நவரசத்தைவிட இயல்பாகவே நடித்தது.

புதன்கிழமை, விளக்குகளைச் சரிசெய்யும் நேரத்தில், பத்திரிகை நிருபர் ஒருவர் வந்தார். நடிப்பு உள்ளேயிருந்து ஊற்றெடுப்பது, யாரும் சொல்லிக்கொடுத்து வராது என்று நவரசம் அளந்துகொண்டிருந்தார், காலில் கட்டிய நூலோடு. திரைக்கு அடியில் தெரிந்த செருப்பைக் காட்டி, அது யார் என்று நிருபர் கேட்டார்.

"வீட்டுக்காரிதான். ஃபிளாஸ்க் தூக்கிட்டு வருவா. கலையெல்லாம் அவளுக்கு எட்டாது, பாவம்."

நிருபர் அதையும் எழுதிக்கொண்டார். பென்சில் காகிதத்தில் உரசுவது அவளுக்குக் கேட்டது.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். மைக் திறந்தது. கட்டிலில் பிணமாகக் கிடந்தவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் நூலைத் தரையில் மெல்ல வைத்தாள், பூனைக்குட்டியை இறக்கிவிடுவதுபோல. ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டாள்.

நவரசம் காத்திருந்தார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது முகம். இயக்குநர் கைகளைப் பிசைந்தார். பிணம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டது. நவரசம் காலை லேசாக உதறினார். பிறகு பலமாக உதறினார். நூல் தொளதொளவென்று வந்தது.

"ஏய், எங்கடி போனே? இழுடி!"

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக் கூண்டிலிருந்து தலையை நீட்டினார். இவர் குரல் எப்படி விழுமோ என்று ஒரு வாரமாகத் தூங்காதவர் அவர்.

"சார், குரல் அருமையா பதிஞ்சிருக்கு. ஒரு எழுத்துகூட விடல."

முதலாளி மைக்கை மூடச் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துத் தலையசைத்தார். நாடகக்காரன் பொத்தான் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். பிணம் எழுந்துபோய் அவனுக்குக் கைகொடுத்தது.

அவள் டீயைக் குடித்து முடித்து, வீணாகப் போக வேண்டாமே என்று நூலைச் சுருட்டத் தொடங்கினாள். முதல் இழுப்பில் நவரசம் வசனத்தைத் தொடங்கினார், தங்குதடையில்லாமல். இரண்டாவது இழுப்பில் அழுதார்.